சரக்குத் தோணியும் கால்வாயின் ஆழமும்

மல்லேஸ்வரத்தில் மழை பெய்யும் நாளில் தெருவோரம் ஓடும் நீர் எங்கே போகிறது என்று மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சாக்கடை வரையில் சொல்லி நிறுத்திவிடுவர். அதற்கப்பாலும் அந்நீருக்கு நெடுவழி உண்டு. மேற்குச் சரிவில் விழுந்த நீர் விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதியை அடைந்து, அதன் வழியே காவிரியில் கலக்கிறது. பெங்களூரின் கிழக்குச் சரிவில் பெய்த மழையோ தென்பெண்ணையாற்றை அடைந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் சேருகிறது. நகரம் அமைந்திருக்கும் மேடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுடையது. நீர் இங்கிருந்து இறங்கிச் செல்கிறதேயன்றி, நின்று படகைத் தாங்குவதில்லை. ஆகவே மல்லேஸ்வரம் அங்காடியில் விற்கும் அரிசியும் உப்பும் தேங்காயும் சாலை வழியாகவோ, 1864-ஆம் ஆண்டில் பெங்களூரை எட்டிய இருப்புப் பாதையின் வழியாகவோதான் மேடேறி வந்திருக்கின்றன.

கடலோரத்திலிருந்து ஒரு சரக்குத் தோணியை இம்மேட்டிற்கு ஏற்றிக் கொணர்வது இயலாத காரியமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். படகை உயர்த்துவதற்கு 'லாக்' எனப்படும் இரட்டைக் கதவு மதகு பயன்படுகிறது. இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட ஒரு தொட்டியே அது. படகு கீழ்க்கதவின் வழியாக உள்ளே நுழைந்ததும் அக்கதவு மூடப்படும். மேற்புறத்திலிருந்து நீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்ப, படகும் உடன் உயரும். பிறகு மேற்கதவைத் திறந்து வெளியேறும். ஒரு மதகு 3 மீட்டர் உயர்த்தும் எனக் கொண்டால், 900 மீட்டருக்கு 300 மதகுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் சென்றால் மதகுகளில் மட்டும் 150 மணி நேரம் கழியும். அதாவது இரவு பகலாக ஆறு நாட்களுக்கு மேல். தொட்டியின் நீளம் 30 மீட்டர், அகலம் 6 மீட்டர் என்றால், ஒரு முறை படகை ஏற்ற 540 கன மீட்டர் நீர் மேலிருந்து கீழே இறங்கிவிடும். மேட்டின் உச்சியில் அவ்வளவு நீரை யார் ஊற்றுவது? 1974 முதல் காவிரி நீரையே இயந்திரங்களால் மேலேற்றிக் குடித்து வரும் நகரம் இது.

இடைநிலைச் சரிவுள்ள நிலத்தில் இம்முயற்சி மெய்யாகவே செய்து பார்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில், சென்னை நீர்ப்பாசன, கால்வாய்க் கம்பெனி என்னும் தனியார் ஸ்தாபனம் துங்கபத்திரையிலிருந்து கர்னூல், கடப்பை வரை நெடிய கால்வாயொன்றை வெட்டிற்று. பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒருங்கே நடக்கும் என்பது அதன் எதிர்பார்ப்பு. படகுப் போக்குவரத்து ஒருபோதும் செழிக்கவில்லை; கம்பெனியும் நிலைக்கவில்லை. 1882-இல் அரசாங்கமே அக்கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. சரிந்த நிலத்தில் நீரை வயலுக்குக் கொண்டு செல்வது எளிது; படகைக் கொண்டு செல்வது அரிது. தோணிக்கு உகந்தது சமதரையே.

அத்தகைய சமதரை தமிழகத்தின் கிழக்குக் கரையோரம் உண்டு. மல்லேஸ்வரத்திற்கு அருகில், 1882-இல் அமைந்த சாங்கி ஏரிக்குப் பெயர் தந்த ரிச்சர்டு சாங்கி, மைசூர் இராச்சியத்தின் முதன்மைப் பொறியாளராக இருந்தவர். பின்னர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறைச் செயலராகப் பணிபுரிந்தார். மேட்டில் ஏரிகளைக் கண்ட அப்பொறியாளர் சென்னைக்குச் சென்ற காலத்தில், கடலோரமாகக் கிருஷ்ணையாற்றுப் பாசனப் பகுதியிலிருந்து மரக்காணம் வரை செல்லும் உப்பங்கழிக் கால்வாயொன்று ஏறக்குறைய முழு உருவம் பெற்றிருந்தது. அதுவே பக்கிங்ஹாம் கால்வாய். உள்நாட்டு நீர்வழிச் சரக்குப் போக்குவரத்தின் நன்மையையும் நலிவையும் ஒருங்கே காட்டும் உதாரணம் தமிழர்க்கு இதைவிட அருகில் இல்லை.

ஒரு குதிரைத் திறன் எவ்வளவு இழுக்கும்?

சாலையில் செல்லும் வண்டியின் சக்கரம் தரையை அழுத்துகிறது, அச்சு உராய்கிறது, மேடு வந்தால் முழுப் பாரத்தையும் தூக்கியாக வேண்டும். நீரில் மிதக்கும் தோணிக்கு இவற்றுள் எதுவுமில்லை. அதன் பாரத்தை நீரே தாங்குகிறது. இழுப்பவர் வெல்ல வேண்டியது நீரின் தடையை மட்டுமே. அத்தடையும் மெதுவாகச் செல்லும்போது வெகு சொற்பம். கரையில் நிற்கும் ஓர் ஆள் கயிற்றைப் பற்றிப் பொறுமையாக இழுத்தால், பல டன் எடையுள்ள தோணியும் அசைந்து நகரத் தொடங்கும். அதே பாரத்தை வண்டியிலேற்றி அவரை இழுக்கச் சொன்னால் அச்சுக்கூட முனகாது.

உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றிய அரசாங்க வெளியீடுகளில் வழக்கமாக எடுத்தாளப்படும் கணக்கு ஒன்றுண்டு. ஒரு குதிரைத் திறன் சாலையில் 150 கிலோகிராமையும், இருப்புப் பாதையில் 500 கிலோகிராமையும், நீரில் 4,000 கிலோகிராமையும் நகர்த்தும் என்பது அது. எரிபொருளைக் கொண்டு கணக்கிட்டால் வேற்றுமை இவ்வளவு பெரிதாயிராது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலையில் 24 டன்னையும், இரயிலில் 85 டன்னையும், நீரில் 105 டன்னையும் கொண்டுசெல்லும் என்பர். இரயிலுக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைவெளி சிறிது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தோணி எப்பொழுதும் மலிவு என்று சொல்லித் திரிவோர் இக்கணக்கின் முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். இரயிலை விட நீர்வழி மலிவாக வேண்டுமானால் தோணி நிறையச் சரக்கு இருக்க வேண்டும். தோணி நிறைய வேண்டுமானால் கால்வாயில் ஆழம் இருக்க வேண்டும்.

கடலோரக் கால்வாயின் வரலாறு

1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் தொலைவுக்கு வெட்டிய கால்வாயே இதன் தொடக்கம். அவர் பெயராலேயே அது காக்ரேன் கால்வாய் என வழங்கிற்று. பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. அதன்பின் துண்டு துண்டாக வடக்கே நெல்லூர்க் கரையோரமும், தெற்கே பாலாற்றைக் கடந்தும் வளர்ந்தது. வடமுனையில் பெத்தகஞ்சாம் என்னுமிடத்தில் கிருஷ்ணைப் பாசனப் பகுதியின் கொம்மமூரு கால்வாயோடு இணைந்தது.

இவ்விணைப்பின் பயனை அறிய ஆர்தர் காட்டனின் பணியை நினைவுகூர வேண்டும். அவர் திட்டமிட்ட கோதாவரி அணை 1852-இல் முடிவுற்றது; விஜயவாடாவில் கிருஷ்ணை அணை அதற்குச் சில ஆண்டுகள் பின்னர் எழுந்தது. இவ்விரு அணைகளிலிருந்தும் பிரிந்த பாசனக் கால்வாய்களில் படகுகளும் சென்றன. இந்தியாவுக்கு இருப்புப் பாதையைவிட நீர்வழியே ஏற்றது என்று காட்டன் விடாப்பிடியாக வாதாடினார். ஆற்றுப் படுகைகளைப் பொறுத்தவரை அவர் கூற்றில் நியாயம் இருந்தது. தக்கணப் பீடபூமிக்கும் அதையே விரித்துரைத்ததுதான் பிழை. கர்னூல்–கடப்பைக் கால்வாயே அதற்குச் சான்று. கரையோரமாகவோ, காகிநாடாவில் சரக்கேற்றிய தோணி கோதாவரி, கிருஷ்ணைக் கால்வாய்களின் வழியே பெத்தகஞ்சாமை அடைந்து, அங்கிருந்து சென்னையையும் கடந்து மரக்காணம் வரை கடலைத் தொடாமலே வர இயன்றது.

ஆயினும் சென்னை நகருக்குள் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்திற்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் தொலைவுக்குக் கால்வாய் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சமே அதை நிரப்பிற்று. பஞ்ச நிவாரண வேலையாக, கூலிக்கு வந்த ஏழை மக்களைக் கொண்டு 1877–78-இல் அத்துண்டு வெட்டப்பட்டது. அப்பொழுது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய் முழுமைக்கும் இடப்பட்டது. பட்டினியால் மெலிந்த கைகள் தோண்டிய கால்வாய்க்குக் கோமகன் பெயர் நிலைத்துவிட்டது. தோண்டியவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை இதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் தமிழகத்திலும் உள்ளன. வழியில் பெண்ணையாறு, சுவர்ணமுகி, ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு ஆகியவற்றைக் குறுக்கிடுகிறது. கடற்கரைக்கு அணித்தே செல்வதால் உப்பளங்களுக்கும் மீனவர் ஊர்களுக்கும் இது வாசல் வழியாயிற்று. வடக்கேயிருந்து நெல்லும் உப்பும் கிளிஞ்சலும் வந்தன. இன்று ராக்கெட் ஏவுதளம் அமைந்துள்ள ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவின் காடுகளிலிருந்து விறகு தோணி தோணியாகச் சென்னைக்கு வந்தது. நகரின் விறகுத் தொட்டிகளில் எடை போட்டு விற்ற கட்டைகளிற் பெரும்பகுதி கால்வாயின் வழியே வந்தவையே. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் மூங்கிற் கழி ஊன்றித் தள்ளுவர். அல்லது கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்து நடப்பர். விறகுக்கு அவசரம் இல்லை. இரண்டு நாள் தாமதித்து வந்த கட்டை அதனால் கெட்டுப்போவதுமில்லை. தோணிக்கு ஏற்ற சரக்கு எது என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

விரற்கடைக் கணக்கு

இனி ஆழத்தின் செய்திக்கு வருவோம். அடிப்பாகம் தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு சரக்குத் தோணியின் நீளம் 20 மீட்டர், அகலம் 4 மீட்டர் எனக் கொள்வோம். அதன் அடிப்பரப்பு 80 சதுர மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. ஆதலால் அத்தோணி ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும்போது 0.8 கன மீட்டர், அதாவது 800 கிலோகிராம், நீரை விலக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்கு எண்ணூறு கிலோ சரக்கு என்பதே இதன் பொருள்.

தோணியின் சொந்த எடை 12 டன் என்போம். சரக்கில்லாதபோது அது 15 சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்கும். 60 சென்டிமீட்டர் அமிழ அனுமதித்தால் மொத்த எடை 48 டன். சரக்கு 36 டன். கால்வாயின் அடியில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்துவிட்டதென்றால், அமிழ்வு 50 சென்டிமீட்டராகச் சுருங்கும். சரக்கு 28 டன்னாகக் குறையும். மேலும் 20 சென்டிமீட்டர் வண்டல் சேர்ந்தால் அமிழ்வு 30 சென்டிமீட்டர். சரக்கு வெறும் 12 டன். அமிழ்வு பாதியாயிற்று, சரக்கோ மூன்றிலொன்றாகிவிட்டது. தோணிக்காரர்களின் எண்ணிக்கை குறையவில்லை; அவர்கள் உண்ணும் சோறும், கட்டும் சுங்கமும், செல்லும் நாட்களும் குறையவில்லை. 36 டன்னில் பகிர்ந்த செலவு இப்போது 12 டன்னின் தலையில் விழுகிறது. எனவே வாடகை மும்மடங்காக வேண்டும். அதற்குள் லாரிக்காரர் வந்து நின்றுவிடுவார்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கால்வாயின் சராசரி ஆழம் என்பது தோணிக்குப் பயன்படாத எண். 100 கிலோமீட்டர் தொலைவுக்கு இரண்டு மீட்டர் ஆழமிருந்து, ஒரே ஓரிடத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் இருந்தால், கால்வாயின் ஆழம் 50 சென்டிமீட்டரே. அளவுக்கோலை ஊன்றிப் பார்க்கும் களப்பணியாளர் மிகவும் மேடான இடத்தையும், ஓதம் வற்றிய வேளையையும் தேர்ந்து அளக்க வேண்டும். ஏற்ற வேளையில் அளந்த ஆழம் காகிதத்தில் அழகாயிருக்கும்; தோணி தரை தட்டும்போது உண்மை விளங்கும்.

ஐரோப்பாவில் ரைன் ஆற்றின் சரக்குப் படகோட்டிகள் ஒவ்வொரு காலையிலும் காவுப் என்னும் சிற்றூரின் நீர்மட்ட எண்ணைப் பார்த்தே பாரம் ஏற்றுகின்றனர். நடு ரைனில் ஆழம் மிகக் குறைந்த பகுதி அங்கே உள்ளது. 2018 அக்டோபரில் அவ்வெண் 25 சென்டிமீட்டராக இறங்கிற்று. (அது அளவுக்கோலின் எண்ணேயன்றி ஆற்றின் முழு ஆழம் அன்று, படகு செல்லும் தடத்தின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல்.) பெரும் படகுகள் தம் கொள்ளளவில் சிறு பகுதியையே ஏற்றிச் சென்றன, கரையோர இரசாயன ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. 2022 ஆகஸ்டில் மறுபடியும் அந்நிலை வந்தது. ஐரோப்பாவின் மிகச் சுறுசுறுப்பான நீர்வழியும் ஓரிடத்து ஆழத்திற்குக் கட்டுப்பட்டது என்பது இதனால் கண்கூடு.

ஓதமும் வண்டலும்

பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ஆற்றைப் போன்ற ஓட்டம் இல்லை. முகத்துவாரங்களின் வழியே கடலோதம் உள்ளே வருவதும் வெளியேறுவதுமே அதன் உயிர்ப்பு. சென்னைக் கரையில் பெரும் ஓத நாட்களில்கூடக் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டரே ஏறி இறங்குகிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கு இடைப்பட்ட கால்வாய்த் துண்டில் இரு புறமிருந்தும் ஓதம் நுழைந்து நடுவில் சந்திக்கும். சந்திக்குமிடத்தில் நீர் அசைவற்று நிற்கும். கலங்கி வந்த வண்டல் அங்கே படியும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மேடு தட்டுவதற்கு இதுவே காரணம். தூர் வாரியவர் பணியில் குறையென்று எண்ணிவிடலாகாது.

முகத்துவாரங்களுக்கும் வேறொரு தொல்லை உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே செல்கிறது. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் அம்மணலைத் தடுத்து நிறுத்தின. தென்புறத்தில் மெரினாக் கடற்கரை அகன்றது. வடபுறத்தில் இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. துறைமுகத்திற்குத் தென்புறத்தில் அமைந்த கூவத்தின் வாயில் மணல் திட்டுகள் அடைத்துக்கொண்டன. வாய் அடைபட்டால் ஓதம் வராது. ஓதம் வராவிடில் கோடையில் கால்வாய் நீர் ஆவியாகித் தாழும். நகரத்துக் கழிவுநீர் வந்து அந்த இடத்தை நிரப்பும்.

இவ்விதம் ஆழம் குறைந்துகொண்டிருக்கையில் போட்டியும் வளர்ந்தது. சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்த இருப்புப் பாதை 1899-இல் கால்வாய்க்கு இணையாகவே அமைந்தது. விலையுயர்ந்த சரக்கு இரயிலுக்குப் போயிற்று. விறகும் உப்பும் கிளிஞ்சலும் தோணியில் நின்றன. பின்னர் லாரிகள் பெருகின. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. வருவாய் குன்றிய கால்வாயைச் செப்பனிடும் ஆர்வமும் குன்றியிருந்தது. சமையலறைகளில் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் விறகுத் தோணிக்கு வேலையே இல்லாமற் போயிற்று. இறுதியில், சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மயிலை நோக்கி 1990-களில் எழுந்த பறக்கும் இரயிலின் தூண்கள் நகர்ப்பகுதிக் கால்வாயின் உள்ளேயே ஊன்றப்பட்டன. பஞ்ச காலத்தில் வெட்டி இணைத்த அதே துண்டு மீண்டும் அறுபட்டது.

விரைவுக்கு ஓர் எல்லை

பழைய தோணிகள் நடந்த வேகத்தில் சென்றன. விசைப்பொறி பொருத்தினால் லாரியோடு போட்டியிடலாமே என்று கேட்போர் உண்டு. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. வேண்டிய திறன் எட்டு மடங்கு. ஆழம் குறைந்த கால்வாயில் இதற்கு மேலும் ஒரு தடங்கல் உண்டு. நீர்ப்பரப்பில் நீண்ட அலை ஒன்று செல்லக்கூடிய வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். இரண்டு மீட்டரில் 16 கிலோமீட்டர். படகு இவ்வேகத்தை நெருங்கும்போது முன்னால் நீர் குவிந்து மேடாகும். படகின் அடியில் நீர்மட்டம் தாழ்ந்து படகு தரையை நோக்கி இறங்கும். படகு தான் எழுப்பிய நீர்மேட்டின்மேல் தானே ஏற முயல்வது போன்ற நிலை அது.

1834-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில், ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியாளர் இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். இரு குதிரைகள் இழுத்துச் சென்ற படகு சட்டென நின்றபோது, அதன் முன்னே குவிந்திருந்த நீர் ஒரே வழுவழுப்பான மேடாகப் பிரிந்து, படகை விட்டுத் தனியே உருண்டு சென்றது. ரஸ்ஸல் குதிரைமேல் அதை ஒரு மைலுக்கு மேல் துரத்திச் சென்றார்; மணிக்கு எட்டு, ஒன்பது மைல் வேகத்தில் அது உருக்குலையாமல் சென்றது. தனியலை என்று இன்று பௌதிக நூல்களிற் கூறப்படுவதும், கண்ணாடி நாரினூடே ஒளித்துடிப்புகளை அனுப்பும் ஆராய்ச்சியில் இடம்பெற்றதும் அதன் வழிவந்ததே. சரக்குத் தோணியின் ஆராய்ச்சி இவ்வளவு தொலைவு செல்லும் என்று அக்குதிரைகள் அறிந்திருக்க நியாயமில்லை.

களப்பணியாளர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. விசைப்படகின் அலை மண்கரையை மோதி அரிக்கிறது. அரித்த மண் கால்வாயின் அடியிலேயே படிகிறது. கரைக்குக் கல் பதிக்காமல் விசைப்படகை அனுமதித்தால், படகே தன் வழியைத் தூர்த்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் 1986-இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே அலகாபாத்திலிருந்து ஹல்தியா வரை 1,620 கிலோமீட்டர் கங்கை வழி முதல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 1988-இல் பிரம்மபுத்திரையும், 1993-இல் கேரளத்தின் கொல்லம்–கோட்டப்புரம் கால்வாயும் தொடர்ந்தன. 2008-இல் காகிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் பகுதிகளும் சேர்ந்து 1,078 கிலோமீட்டர் நீளமுள்ள நான்காம் தேசிய நீர்வழியாயின. அதில் வட பக்கிங்ஹாம் கால்வாய் 316 கிலோமீட்டர். தென் பக்கிங்ஹாம் கால்வாய் 110 கிலோமீட்டர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக்கிற்று.

அறிவிப்பதனால் ஆழம் உண்டாவதில்லை. நூறு டன் படகு செல்ல ஆற்றில் குறைந்தது 1.2 மீட்டரும், 500 டன் படகு செல்ல 1.7 மீட்டரும் ஆழம் வேண்டும் என்பது ஆணையத்தின் வகைப்பாடு. அந்த ஆழம் இருந்தாலும், இரு முனைகளிலும் சரக்கு நீரருகே இருக்க வேண்டும். லாரியில் ஏற்றித் துறைக்குக் கொணர்ந்து, தோணிக்கு மாற்றி, மறுமுனையில் மீண்டும் லாரிக்கு மாற்றினால், நீரில் மிஞ்சிய பணம் கூலியில் கரைந்துவிடும். கோவாவில் மாண்டவி, சுவாரி ஆறுகளின் பார்ஜ்கள் வெற்றி பெற்றதன் காரணம் இதுவே. சுரங்கத்திற்கு அருகே ஆறு. ஆற்றின் முடிவில் கப்பல். 2012-இல் சுரங்க வேலை நிறுத்தப்பட்டதும் பார்ஜ்களும் நின்றன. ஒரே சரக்கை நம்பிய நீர்வழியின் இடர் அப்போது வெளிப்பட்டது. கொச்சியில் உத்யோகமண்டல் உர ஆலைக்குக் கந்தகமும் அம்மோனியாவும் பார்ஜில் சென்றதற்கும் ஆலை நீரோரம் அமைந்ததே காரணம்.

இந்நோக்கில் பார்த்தால், சென்னை நகருக்குள் பக்கிங்ஹாம் கால்வாயைச் சரக்கு வழியாக மீட்பது நடைமுறைக்கு ஒவ்வாது எனலாம். தூண்களும் தாழ்ந்த பாலங்களும் அங்கே தடுக்கின்றன. எண்ணூருக்கு வடக்கே நிலைமை வேறு. அங்கே அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் கால்வாய்க்கு அணித்தே உள்ளன. ஆனால் பழவேற்காடு ஏரியின் பறவைகளையும் மீனவர் பிழைப்பையும் கருதாமல் அங்கே தூர் வாரும் இயந்திரத்தை இறக்கலாகாது.

தோணி செல்லாவிடினும் ஆழம் வீணாவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் மழைநீர் ஒக்கியம் மடுவின் வழியே தென் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை தத்தளித்தபோது, சுருங்கிய வடிகால்களின் விலை தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மோதியபோது, வடபகுதியில் பல இடங்களில் கால்வாய் அலைநீரை உள்வாங்கிப் பின்புறத்து ஊர்களுக்குக் காப்பாயிற்று. வடிகாலுக்காக வாரும் தூரும் தோணிக்காக வாரும் தூரும் ஒன்றே. இருவகைப் பயனையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால்தான் செலவு நியாயமாகத் தோன்றும். இதுவரையில் அவை தனித்தனித் துறைகளின் ஏடுகளிலேயே இருந்து வந்திருக்கின்றன.

வகுப்பறைச் சோதனை

மல்லேஸ்வரம் போன்று படகு காணாத மேட்டு ஊர்களிலும் இதை மாணவர்க்குக் காட்டலாம். செவ்வக வடிவான பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்று, அகன்ற நீர்த்தொட்டி ஒன்று, கூழாங்கற்கள், அளவுக்கோல், சுருள்வில் தராசு ஆகியன போதும். பெட்டியின் அடிப்பரப்பை முதலில் அளக்கவேண்டும். நீளம் 30, அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கு 600 கிராம். பெட்டியின் பக்கத்தில் சென்டிமீட்டர் கோடுகள் வரைந்து, கற்களை ஒவ்வொன்றாக இட்டுக் கணக்கைச் சரிபார்க்கலாம். பிறகு பாரமேற்றிய பெட்டியைத் தராசில் கட்டி, முதலில் தரையிலும் பின்னர் நீரிலும் மெல்ல இழுத்து இரு எண்களையும் குறிக்க வேண்டும். நீரில் வேகமாக இழுத்தால் தராசின் முள் எவ்வாறு தாவுகிறது என்பதையும் பார்க்கலாம்.

இறுதியாகத் தொட்டியில் நுண்மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி அடியை உயர்த்த வேண்டும். நீர்மட்டம் ஏறாதபடி அவ்வப்போது ஒரு குவளை நீரை முகந்துவிட வேண்டும். ஒரு கட்டத்தில் பெட்டி தரை தட்டி நின்றுவிடும். எத்தனை கற்களை எடுத்தால் அது மறுபடி மிதக்கும் என்று மாணவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிறகு எடுத்துப் பார்க்கட்டும்.